இரண்டு பொங்கலுக்கு வந்த ஆன்டிவைரஸ்

என் மனைவிக்குப் பொங்கல் சீர் ஒரு வருடமும் தவறியதில்லை. அவளுடைய அண்ணன் சுருளிப்பட்டியில் திராட்சை விவசாயி. பொங்கலுக்கு முந்தைய நாள் அவருடைய ஜீப் சின்னமனூரில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்கும். கரும்புக் கட்டு, மஞ்சள் கொத்து, வாழைத்தார், பச்சரிசி, வெல்லம், ஏதாவது ஒரு பாத்திரம் என்று ஒவ்வொன்றாக இறங்கும். சில வருடங்களுக்கு முன் பாத்திரத்துக்குப் பதிலாகத் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கின் நடுவே ஒரு லேப்டாப் இறங்கியது. மூடியில் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார். திறந்து பார்த்தால் திரைக்கு மேலேயும் ஒரு பொட்டு. அது சரியாகக் கேமராவின் கண்ணில் பட்டிருந்தது. அதை நாங்கள் கவனித்துத் துடைக்கும் வரை, வீடியோவில் எங்களோடு பேசியவர்கள் எங்கள் வீட்டில் எந்நேரமும் பொழுது சாய்ந்துகொண்டிருப்பதாக நினைத்திருக்கிறார்கள்.

லேப்டாப்போடு ஒரு சிறிய அட்டைப்பெட்டியும் வந்தது. ஒரு வருடத்துக்கான ஆன்டிவைரஸ். மச்சானுக்கு அந்த விஷயத்தில் பட்ட அனுபவம் உண்டு. யாரோ கொடுத்த பென் டிரைவை அவருடைய கம்ப்யூட்டரில் செருகப்போய், மகள் கல்யாணப் படங்கள் மொத்தமும் திறக்க முடியாமல் போய்விட்டன. அன்றிலிருந்து பாதுகாப்பு இல்லாத எந்த இயந்திரத்தையும் அவர் தொடுவதில்லை. கம்பம் பள்ளத்தாக்கில் பூச்சிமருந்துக்கு மருந்து என்றுதான் பெயர். மச்சான் ஆன்டிவைரஸையும் முதல் நாளிலிருந்தே அப்படித்தான் சொன்னார்.

“மருந்து அடிச்சுத்தான் குடுத்துருக்கேன் ஆத்தா. பயப்படாம பொழங்கு,” என்றார் தங்கையிடம்.

அடுத்த பொங்கலுக்குக் கரும்போடு இன்னொரு அட்டைப்பெட்டி வந்தது. வேறு கம்பெனி, வேறு நிறம். முந்தைய ஆன்டிவைரஸையும் அவரே பணம் கட்டிப் புதுப்பித்திருந்தார். இந்த வருடம் ஒரு குத்துவிளக்கு வந்துவிட்டது என்பதற்காகப் போன வருடம் வந்த அண்டாவை யாரும் திருப்பிக் கொடுப்பதில்லை அல்லவா? புதியதையும் அதே லேப்டாப்பில் ஏற்ற உட்கார்ந்தார். எனக்கு எதையும் கடைசி வரி வரை படிக்கும் பழக்கம் உண்டு. பெட்டியின் பின்பக்கத்தில், வேறு ஆன்டிவைரஸ் இருந்தால் முதலில் நீக்கிவிடவும் என்று அச்சிட்டிருந்ததைக் காட்டினேன்.

“மாப்ள, ஒரே மருந்த அடிச்சா பூச்சி பழகிரும். கலந்து அடிச்சாத்தான் கேக்கும். பெட்டில அவென் அப்படித்தான் போடுவான். அடுத்த கம்பெனி சரக்கையும் சேத்து வச்சுக்கங்கன்னு எவனாச்சும் எழுதுவானா?”

பத்திரிகையில் வேலை பார்த்த காலத்தில் இதைவிட நோஞ்சான் வாதங்கள் தலையங்கமாகவே வெளிவந்து பார்த்திருக்கிறேன். அதனால் பெட்டியை அவரிடமே கொடுத்துவிட்டேன். அவர் இரண்டையும் ஏற்றினார். யாரும் அணைத்துவிடாதபடி இரண்டுக்கும் பாஸ்வேர்டு போட்டார். அதை எங்களுக்குச் சொல்லவில்லை. “நீங்க தெரியாம நிப்பாட்டிப்புடுவீக,” என்பது அவர் சொன்ன காரணம்.

அதன்பின் லேப்டாப் திறப்பதற்குள் ஒரு டம்ளர் காப்பியைக் குடித்து முடித்துவிடலாம். வேறு குறை ஏதும் இல்லை.

என் மனைவி ஊரில் ஒரு தனியார் பள்ளியின் நூலகத்தைப் பார்த்துக்கொள்கிறாள். மழையில் ஒழுகிய ஓர் அறையில் மூட்டையாகக் கிடந்த புத்தகங்களை அலமாரிக்குக் கொண்டுவந்தவள் அவள்தான். நிர்வாகம் மாறியதும் புதிய நிபந்தனை வந்தது. நூலகப் படிப்புச் சான்றிதழ் இருந்தால்தான் அடுத்த கல்வியாண்டிலும் அந்த நாற்காலி அவளுக்கு. இல்லாவிட்டால் சான்றிதழ் உள்ள வேறு ஆள். அவள் தபால்வழிப் படிப்பில் சேர்ந்தாள். கடைசித் தேர்வு வீட்டிலிருந்தே ஆன்லைனில் எழுதலாம் என்று வந்தபோது சந்தோஷப்பட்டோம். விதிமுறைகளைப் படித்ததும் அது கொஞ்சம் குறைந்தது. பதிவு செய்த கம்ப்யூட்டரில் மட்டுமே எழுத வேண்டும். அவர்கள் சொல்லும் ஒரே ஒரு பிரவுசரில், அதுவும் அதன் ஆகப் புதிய பதிப்பில் மட்டுமே எழுத வேண்டும். அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது. தேர்வுக்கு முந்தைய நாள் மாலை ஆறு மணிக்குள் கம்ப்யூட்டரை வீடியோ வழியாகச் சோதனைக்குக் காட்ட வேண்டும். தவறினால் அடுத்த தேர்வு அடுத்த வருடம்தான். அதற்குள் நாற்காலி போயிருக்கும்.

சோதனை நாளன்று மதியம் சாப்பிட்டுவிட்டு லேப்டாப்பைத் திறந்தாள். பிரவுசரில் புதிய பதிப்பு வந்திருப்பதாக ஒரு கட்டம் எழுந்தது. விதிமுறையும் அதைத்தானே கேட்கிறது? அழுத்தினாள். நீலக்கோடு ஒன்று இடமிருந்து வலமாக ஓடி, முக்கால்வாசித் தூரத்தில் நின்றது. திரையின் மூலையில் ஒரு சிவப்புப் பெட்டி முளைத்தது. பிரவுசரின் வண்ணப்படம் இருந்த இடத்தில் எதுவும் எழுதாத வெள்ளைத்தாள் படம் ஒன்று நின்றது. அதை அழுத்தினால், நீங்கள் தேடும் கோப்பு இல்லை என்றது.

சிவப்புப் பெட்டியில் ஆங்கிலத்தில் சில வரிகள். அச்சுறுத்தல் கண்டறியப்பட்டது, தனிமையில் வைக்கப்பட்டது, நீங்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை. எனக்கு அந்த நடை பழக்கமானது. தேனியில் செய்தியாளராக இருந்த காலத்தில் போலீஸ் கொடுக்கும் குறிப்புகள் இதே நடையில்தான் இருக்கும். சந்தேகத்துக்கு இடமான வகையில் நின்றுகொண்டிருந்தவரைப் பிடித்து விசாரித்து வருகின்றனர் என்று முடியும். அப்படிப் பிடிபட்டவர்களில் பலர் பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள். பிடித்ததைச் செய்தியாகப் போடுவோம். விட்டதை யாரும் குறிப்பாகக் கொடுக்க மாட்டார்கள்.

ஆகவே பிடிபட்டது யார் என்று பெயரைப் பார்த்தேன். பிரவுசர் கம்பெனி அனுப்பிய, அதே கம்பெனியின் கையெழுத்துள்ள, புதிய பதிப்புக் கோப்பு. முதல் பொங்கலுக்கு வந்த ஆன்டிவைரஸ் அதை வைரஸ் என்று நினைத்துப் பிடித்திருந்தது.

“என்னங்க ஆச்சு?” என்றாள்.

“பழைய ஆளு வேலைய விட்டுப் போயாச்சு. புது ஆள வாசல்லயே பிடிச்சு உக்கார வச்சுருச்சு.”

“அப்ப இப்ப வேலைக்கு யாரு?”

“யாரும் இல்ல.”

லேப்டாப்போடு கூடவே வந்த வேறொரு பிரவுசர் இருந்தது. தேர்வுத் தளத்தை அதில் திறந்தால், இது ஏற்கப்படாது என்று ஒரே வரியில் திருப்பி அனுப்பியது. அதன் வழியாகவே எங்களுக்கு வேண்டிய பிரவுசரை மறுபடி இறக்கினோம். மறுபடி பிடிபட்டது. இன்னொரு முறை இறக்கியபோது சிவப்புப் பெட்டி முன்னைவிடச் சீக்கிரம் வந்தது. ஆள் அடையாளம் தெரிந்துவிட்டது போலிருக்கிறது.

அட்டைப்பெட்டியில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தேன். ஓர் இளம்பெண் எடுத்தாள். கேட்ட உடனே அவளுக்கு விஷயம் தெரிந்திருந்தது.

“சார், அது ஃபால்ஸ் பாசிடிவ் சார். நல்ல ஃபைல வைரஸ்னு நெனச்சுக்கும். காலைல போன லிஸ்ட்ல அந்த பிரவுசர் அப்டேட்டும் தப்பா சேந்துருச்சு. திருத்துன லிஸ்ட் இப்ப விட்டுட்டாங்க. நீங்க ஆன்டிவைரஸ அப்டேட் பண்ணீங்கன்னா தானா சரியாயிரும்.”

மனைவி அதற்கான பொத்தானை அழுத்தினாள். திருத்திய பட்டியல் இறங்கத் தொடங்கியது. திரையின் எதிர்மூலையில் ஒரு பச்சைப் பெட்டி முளைத்தது. அச்சுறுத்தல் கண்டறியப்பட்டது. இது இரண்டாம் பொங்கலுக்கு வந்த ஆன்டிவைரஸ். முதலாவது பிரவுசரைப் பிடித்து வைத்திருந்தது. முதலாவதுக்கு வந்த திருத்தத்தை இரண்டாவது பிடித்துவிட்டது.

நிலைமையைச் சொன்னேன். 

“சார், ரெண்டு ஆன்டிவைரஸ் போட்டுருக்கீங்களா?”

“ஆமாம்மா.”

“ரெண்டு போடக் கூடாதே சார். யாரு போட்டது?”

“சீர்ல வந்தது.”

அதைக் கேட்ட பிறகு அவள் குரலில் அலுவலகத் தோரணை போய்விட்டிருந்தது.

“அண்ணன் சீரா சார்?”

“ஆமா.”

“அப்ப எடுத்துப்போட முடியாதே சார்,” என்றாள். “ரெண்டையும் கொஞ்ச நேரம் நிப்பாட்டி மட்டும் வையுங்க. பாஸ்வேர்டு கேக்கும், போடுங்க.”

பாஸ்வேர்டு மச்சானிடம். மச்சானுடைய போன் அடித்துக்கொண்டே இருந்தது.

“மருந்து அடிக்கிற அன்னைக்கு அண்ணே போனத் தொட மாட்டாக. ஜீப்புலயே போட்டுருவாக,” என்றாள் மனைவி. சொல்லும்போதே லேப்டாப்பைப் பையில் வைத்துத் தோளில் மாட்டிவிட்டாள்.

ஸ்கூட்டரில் கிளம்பினோம். உத்தமபாளையம் தாண்டி, கம்பத்துக்குள் நுழைந்ததும் பின்னாலிருந்து பாடத்தை ஒப்பிக்கத் தொடங்கினாள். எந்தத் துறைக்கு அலமாரியில் எந்த எண் என்பது பாடம். விவசாயம் அறுநூற்று முப்பது, மருத்துவம் அறுநூற்றுப் பத்து. சிக்னலில் பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர், ஏதோ விலை சொல்கிறாள் என்று எண்ணி எட்டிப் பார்த்தார்.

தோட்டத்தில் ஒரு பக்கப் பந்தலில் பழம் கறுத்துத் தொங்கியது. புதிதாகத் தளிர்த்திருந்த மறுபக்கத்தில்தான் மருந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். மச்சான் முகத்தில் கட்டியிருந்த துண்டை இறக்கிவிட்டுக்கொண்டு வந்தார்.

“என்ன ஆத்தா, பரீட்சைய வச்சுக்கிட்டு இங்கன வந்து நிக்கிற?”

“நீங்க அடிச்ச மருந்து என் பிரவுசரத் தின்னுருச்சுண்ணே.”

லேப்டாப்பைப் பழக்கூடையின் மேல் வைத்துத் திறந்து காட்டினோம். மச்சான் குனிந்து சிவப்புப் பெட்டியையும் பச்சைப் பெட்டியையும் படித்தார். அவர் முகத்தில் தெரிந்தது திருப்தி.

“பிடிச்சுருக்குல்ல?”

“பிடிச்சது திருடன இல்ல மச்சான்,” என்றேன்.

“பிடிபட்டவென் எவென் மாப்ள நான் திருடன்னு சொல்லியிருக்கான்? நீங்க பேப்பர்ல எழுதுன ஆளு, ஒங்களுக்குத் தெரியாததா?”

“கம்பெனிலயே தப்புன்னு சொல்றாக. கொஞ்ச நேரம் நிப்பாட்டச் சொன்னாக.”

“கம்பெனிக்காரகளே மருந்த நிப்பாட்டச் சொன்னாகளா?” மச்சான் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “போன்ல ஒருத்தென் ஆன்டிவைரஸ நிப்பாட்டுங்க, பாஸ்வேர்ட போடுங்கன்னு சொன்னா உசாரா இருங்கன்னு நீங்கதான எழுதுனீக? நான் படிச்சேனே.”

எழுதியது உண்மை. கட்டம் கட்டிப் போட்டிருந்தார்கள். ஒரு வாசகராவது அதை முழுதாக நம்பியிருக்கிறார் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

“அவக கூப்பிடல மச்சான். நாங்கதான் கூப்பிட்டோம்.”

“நம்பர் எங்கன எடுத்தீக?”

“நீங்க குடுத்த பெட்டில.”

“ம்,” என்றார். சற்று யோசித்தார். “ஒண்ணு செய்வம். மூணாவதா ஒண்ணு போட்டு, இது ரெண்டும் சொல்றது சரிதானான்னு பாத்துருவமா?”

மனைவி கவிழ்த்து வைத்திருந்த கூடையில் உட்கார்ந்தாள். வெயில் மலைப்பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். அவள் பார்க்கவில்லை. பழம் தொங்கிய பந்தலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏண்ணே, அந்தப் பக்கத்துக்கு ஏன் மருந்து அடிக்கல?”

“அதுக்கா? அது வெட்டுக்கு நிக்கிதுல்ல. வெட்டப்போற குலைக்கு எவனாச்சும் மருந்து அடிப்பானா? வாங்க வர்ற கேரளாக்காரென் ஒரு பழத்தக் கிள்ளி வாயில போட்டுட்டுத்தான் வெலையே பேசுவான்.”

“அதுக்குள்ள பூச்சி வந்துட்டா?”

“வரட்டும். அதுக்கு என்ன செய்ய? வெட்டுக்கு முன்னாடி நிப்பாட்டித்தான் ஆகணும்.”

“எனக்கு நாளைக்கு வெட்டுண்ணே,” என்றாள்.

மச்சான் தொட்டிக்குப் போய்ச் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவினார். துண்டில் துடைத்துக்கொண்டு வந்து, “கொண்டா,” என்றார்.

எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பாஸ்வேர்டைத் தட்டினார். முதலாவது அடங்கியது. இரண்டாவதை அணைக்கப் போனபோது, யாரோ ஒருவர் உங்கள் பாதுகாப்பை அணைக்க முயல்கிறார் என்று பச்சைப் பெட்டி எச்சரித்தது.

“என்னையவே யாருன்னு கேக்குதா இது?” என்றார். இரண்டாவது பாஸ்வேர்டைச் சற்றுப் பலமாகவே தட்டினார். அதுவும் அடங்கியது.

என் போனிலிருந்து இன்டர்நெட் கொடுத்தேன். பந்தலுக்கடியில் சிக்னல் வரவில்லை. மோட்டார் ரூமில் வந்தது. லேப்டாப்பை அங்கே உரமூட்டையின் மேல் வைத்தோம். நீலக்கோடு ஓடத் தொடங்கியது. மச்சான் கதவைச் சாத்தினார். சற்றுப் பொறுத்து ஜன்னலையும் சாத்தினார். எதற்கு என்று கேட்டேன்.

“மருந்து இல்லாம கெடக்கு மாப்ள.”

நீலக்கோடு இந்த முறை கடைசி வரை ஓடியது. வெள்ளைத்தாள் போய் வண்ணப்படம் வந்தது. வீட்டுக்குத் திரும்பினால் ஆறு மணி தாண்டிவிடும். சோதனை கம்ப்யூட்டருக்குத்தானே, அறைக்கு இல்லையே என்று அங்கிருந்தே தொடர்பு கொண்டாள். திரையில் கழுத்துப்பட்டை கட்டிய ஓர் இளைஞர் வந்தார். பிரவுசர் பதிப்பு சரி, கேமரா சரி, மைக் சரி என்று டிக் அடித்துக்கொண்டே வந்தவர், தலையைத் தூக்கினார்.

“மேடம், இது என்ன ரூம்?”

“மோட்டார் ரூம் சார்.”

“இங்கயா எக்ஸாம் எழுதப்போறீங்க?”

“இல்ல சார். வீட்டுல.”

“பின்னாடி நிக்கிறவர் யாரு?”

“எங்க அண்ணே.”

“நாளைக்கு ரூம்ல வேற யாருமே இருக்கக் கூடாது மேடம். சத்தமும் வரக் கூடாது. வந்தா எக்ஸாம் கேன்சல் ஆயிரும்.”

சோதனை தேறியது. இளைஞர் சொன்ன கடைசி வாக்கியத்தை மனைவி அவ்வளவாகப் பொருட்படுத்தவில்லை. மச்சான் கவனமாகக் கேட்டுக்கொண்டார் என்பது மறுநாள் தெரிந்தது.

மறுநாள் காலை நாங்கள் இட்லி சாப்பிட்டு முடிப்பதற்குள் ஜீப் வந்துவிட்டது. ஆன்டிவைரஸ் இரண்டும் தேர்வு முடியும் வரை அணைந்தே இருக்கட்டும் என்று முடிவாகியிருந்தது. அது மச்சானுக்கு இரவெல்லாம் பொறுக்கவில்லை.

“அதுதான் இல்ல. ஆளாவது நிக்கணும்ல,” என்றார். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துப்போய் வெளிக்கேட்டுக்கு உள்பக்கமாகப் போட்டு உட்கார்ந்தார்.

மனைவி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். தேர்வு தொடங்கியது. எதிர்வீட்டுப் பெண் குழம்புக் கிண்ணத்தோடு வந்தார். மச்சான் வாயில் விரலை வைத்து, கிண்ணத்தையும் வாங்காமல் திருப்பி அனுப்பினார். பால்காரர் வண்டியை நிறுத்தி ஹாரனில் கைவைக்கும் முன்பே கையெடுத்துக் கும்பிட்டுப் போகச் சொன்னார். தெருமுனையில் உப்பு விற்கும் ஆட்டோ ஒலிபெருக்கியோடு திரும்புவது தெரிந்தது. இதற்கு நான் போவதுதான் சரி என்று ஓடிப்போய், இந்தத் தெருவை மட்டும் சத்தமில்லாமல் கடந்துவிடும்படி கேட்டுக்கொண்டேன். அவரும் நல்ல மனிதர். ஒலிபெருக்கியை அணைத்துவிட்டுப் போனார். ஒரு வேலையைச் சரியாகச் செய்த நிறைவோடு திரும்பி வந்தேன். கேட் உள்ளே தாழ் போட்டிருந்தது.

“மச்சான், நான்தான்,” என்றேன் தணிந்த குரலில்.

“தெரியிது மாப்ள.”

“தொறங்க.”

“ரூம்ல வேற யாரும் இருக்கக் கூடாதுன்னு அந்தத் தம்பி சொன்னாப்லயா இல்லையா?”

“நான் ரூமுக்குள்ள போகல. ஹால்ல உக்காந்துருக்கேன்.”

“ஹால்ல உக்காந்தா இருமுவீக.”

இதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. நான் இருமுவேன். உட்கார்ந்து பேப்பர் விரித்தால் கட்டாயம் இருமுவேன்.

“ஜீப்புல போயி உக்காருங்க. முடிஞ்சதும் கூப்புடுறேன்,” என்றார் கேட்டின் கம்பிகளுக்கு அப்பாலிருந்து. அது என் வீடு என்று சொல்லிப் பார்க்கலாம்தான். நேற்று பிடிபட்ட அந்தக் கோப்பும் ஏறக்குறைய அதைத்தான் சொல்லியிருக்கும்.

ஜீப்பில் பழக்கூடைகளுக்கு நடுவே இடம் பிடித்தேன். பால்காரர் அடுத்த தெருவை முடித்துவிட்டுத் திரும்பி வந்தார். மறுபடி திருப்பி அனுப்பப்பட்டார். போகும்போது ஜீப்புக்குள் எட்டிப் பார்த்தார்.

“அண்ணே, ஒங்களையுமா?”

“சந்தேகத்தின் பேர்ல,” என்றேன்.

கேட் திறந்தபோது வெயில் ஏறியிருந்தது. மனைவி வாசலில் நின்று சேலை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மச்சான் எழுந்து நின்றிருந்தார்.

“எப்படி ஆத்தா?”

“எல்லாத்துக்கும் எழுதிட்டேண்ணே.”

“நடுவுல எதுவும் நிக்கலையே?”

“நிக்கல. ஒரு சத்தமும் இல்ல. தெருவுல ஆளே இல்லாத மாதிரி இருந்துச்சு.”

மச்சான் தெருவை ஒருமுறை பார்த்துக்கொண்டார். தேர்வில் அவள் தேறினாள் என்பதும், நாற்காலி அவளிடமே இருக்கிறது என்பதும் பிறகு வந்த செய்திகள். அன்றைக்கு அவள் கேட்டது, வீட்டில் பால் எங்கே என்பதுதான். நான் மச்சானைப் பார்த்தேன். பாலில்லாத கட்டன் காப்பியை மூன்று டம்ளர்களில் கொண்டுவந்து வைத்தாள்.

மச்சான் டம்ளரைத் தொடவில்லை. லேப்டாப்பை மடியில் வைத்து, எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்து, இரண்டு பாஸ்வேர்டுகளையும் தட்டினார். முதலில் சிவப்பு, பிறகு பச்சை. இரண்டும் விழித்துக்கொண்டன. திருத்திய பட்டியலை நாங்கள் இன்னும் இறக்கியிருக்கவில்லை. அவர் நிமிர்ந்து டம்ளரை எடுப்பதற்குள் மூலையில் சிவப்புப் பெட்டி முளைத்தது. வண்ணப்படம் போய் வெள்ளைத்தாள் வந்து நின்றது.

“பிடிச்சுருச்சு மாப்ள,” என்றார் மச்சான், ஒரு நாள் முழுக்க இழந்திருந்த நிம்மதியோடு.

மனைவி காப்பியை ஊதிக் குடித்துக்கொண்டிருந்தாள்.

“பிடிக்கட்டும்ணே,” என்றாள். “எனக்கு வெட்டு முடிஞ்சுருச்சு.”